ஓடுகாலியின் வேகம்

ஜனவரி 3

போன வருட டயரியில் பிப்ரவரிக்கு மேல் ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு பக்கத்தில் சாம்பார்ப் பொடிக்கு அளவு மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். இந்த வருடம் அப்படி விட முடியாது. வருடக் கடைசியில் ஒருவர் என்னிடம் தோற்கப் போகிறார். பின்னால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று பேச்சு மாறாமலிருக்க எழுத்தில் சாட்சி வேண்டும். சாட்சி யாருக்கும் புரிய வேண்டும் என்பதால் ஆதியிலிருந்தே எழுதுகிறேன்.

நான் செண்பகவல்லி. சொந்த ஊர் கோவில்பட்டி. மந்திக்கல் மலையில் இருக்கும் வானொலித் தொலைநோக்கி ஆய்வகத்தில் விஞ்ஞானி. ராத்திரியெல்லாம் கண்விழித்து வானத்தைப் பார்க்கிறேன் என்று சொந்தக்காரர்கள் என்மேல் இரக்கப்படுகிறார்கள். எங்கள் தொலைநோக்கிக்கு வெயில், மழை, மேகம் எதுவும் பொருட்டில்லை. நான் காலையில் போய், நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பி ரசம் வைக்கிறேன்.

தோற்கப் போகிறவர் என் கணவர் சுடலைமுத்து. அவருக்கும் இதே தொழில், புனேயில். பதினோரு வருடமாக அவர் அங்கே, நான் இங்கே. ஒரே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு சமையலறையில் சமைக்கிறோம். இந்த டயரியில் அவரை 'அவர்' என்றே எழுதுவேன். கோபம் வந்தால் 'சுடலை'.

அந்த நட்சத்திரம், ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்துச் செத்தபின் மிஞ்சிய உருண்டை. நியூட்ரான் நட்சத்திரம் என்பார்கள். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் தூரம்தான் அதன் அகலம், எடையோ சூரியனைவிட அதிகம். தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, சுற்றுக்கு ஒரு வானொலித் துடிப்பை அனுப்புகிறது. வெடிப்பு ஒரு பக்கமாகக் கூடிப்போனதில் உதைபட்டு எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. அட்டவணையில் அதற்குத் தொலைபேசி எண்போல ஒரு பெயர் இருக்கிறது. நான் வைத்த பெயர் ஓடுகாலி.

புத்தாண்டு அன்று மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் சொன்னேன்: "ஓடுகாலி விநாடிக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் ஓடுது. இதுக்கு மேல ஓடுனதா யாரும் நிரூபிச்சதில்ல."

அவர் தயிர்ச்சாதத்திலிருந்து நிமிர்ந்து, "கூட்டல் கழித்தல் எவ்வளவு?" என்றார்.

இது அவருடைய வியாதி. எந்த எண்ணைச் சொன்னாலும் அதில் பிழை எவ்வளவு இருக்கலாம் என்று கேட்பார். ஆறு மணிக்கு வருகிறேன் என்றால் கேட்பார். எங்கள் கல்யாணத்தில் முகூர்த்த நேரம் குறித்துக் கொடுத்த ஜோசியரிடமும் கேட்டார். ஜோசியர் இன்றுவரை எங்கள் குடும்பத்துக்கு ஜாதகம் பார்ப்பதில்லை.

"கூட்டலும் கெடையாது, கழித்தலும் கெடையாது. ஆயிரத்து அறுநூறு" என்றேன்.

"ஆயிரத்தத் தாண்டாது" என்றார் அவர்.

சோறு காய்ந்துபோகும்வரை வாதாடி, கடைசியில் பந்தயம் கட்டினோம். அடுத்த ஜனவரி முதல் தேதி கணக்கு முடிவு. ஆயிரத்துக்கு மேல் என்றால் நான் ஜெயித்தேன், அவர் புனேயை விட்டுவிட்டு இந்த மலைக்கு வந்துவிட வேண்டும். ஆயிரத்துக்குக் கீழே என்றால் நான் புனே. பதினோரு வருடமாக 'யார் வருவது' என்று நாசூக்காகப் பேசிப் பேசியே நகராத விஷயத்தை நட்சத்திரத்தின் தலையில் கட்டிவிட்டோம்.

இன்று காலை பஸ் ஏறிப் போய்விட்டார். வீட்டில் ஒரு செருப்பை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். ஒற்றைச் செருப்பு. மற்றதைப் போட்டுக்கொண்டா போனார் என்று தெரியவில்லை.

ஜனவரி 12

பந்தயத்தின் நியாயத்தையும் எழுதிவிடுகிறேன்.

ஓடுகாலி வருடத்துக்கு வானத்தில் எவ்வளவு நகர்கிறது என்பதில் எங்களுக்குச் சண்டையே இல்லை. அது கிட்டத்தில் இருந்தால் அந்த நகர்வுக்குக் கொஞ்சம் வேகம் போதும். தொலைவில் இருந்தால் பயங்கர வேகம் வேண்டும். ஆகவே சண்டை தூரத்தைப் பற்றித்தான்.

என் வழி சுலபமானது. பஸ்ஸின் மேல் படிந்திருக்கும் தூசியைப் பார்த்து அது எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று சொல்லலாம் இல்லையா? ஓடுகாலியின் துடிப்பும் வழியில் உள்ள மின்னணுக்களுக்குள் நுழைந்து வருவதால், அதன் குறைந்த அதிர்வெண் அலைகள் கொஞ்சம் பிந்தி வந்து சேர்கின்றன. எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு தூசி, அவ்வளவு தூரம். பதினெட்டாயிரம் ஒளியாண்டு. ஒரே வாரத்தில் முடிந்தது.

அவர் வழி கட்டைவிரல் வழி. கையை நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்தி, இடக்கண்ணை மூடிப் பார்த்துவிட்டு வலக்கண்ணை மூடிப் பார்த்தால், பின்னால் உள்ள சுவரின்மேல் விரல் இடம் மாறும். கிட்டத்தில் இருந்தால் அதிகம் மாறும். அவருக்கு ஜனவரி மாதத்துப் பூமி ஒரு கண், ஜூலை மாதத்துப் பூமி இன்னொரு கண். ஓடுகாலி விரல். அதற்குப் பின்னால் கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் அசையாமல் இருக்கும், கோடானுகோடி நட்சத்திரங்கள் கூடிய ஒரு பால்மண்டலம் சுவர். இதற்கு ஒரு வருடம் வேண்டும், மலைபோல் பொறுமையும் வேண்டும்.

என்னிடம் இல்லாதது அது ஒன்றுதான்.

பிப்ரவரி 6

மந்தி ஒன்று ஆன்டெனாக் கம்பியில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டது. எலுமிச்சைச் சாதத்தை வைத்துவிட்டு அப்பளத்தை மட்டும்.

பிப்ரவரி 20

இங்கே மொபைல் போன் கூடாது. மொபைல் பேசினால் அந்த இரைச்சலில் நட்சத்திரம் அமுங்கிவிடும். ஆகவே ஆய்வகம் முழுவதற்கும் வெளியூர் பேச ஒரே ஒரு கம்பிவழித் தொலைபேசி, கேன்டீனுக்கு வெளியே நடைவழியில். நானும் அவரும் பதினோரு வருடமாகக் குடும்பம் நடத்துவது அந்த நடைவழியில்தான். கேன்டீன் நடத்தும் சேவியர் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்று காட்டிக்கொள்ள, நான் போனை எடுத்தவுடன் பாத்திரம் கழுவ ஆரம்பிப்பான். ரகசியமாக ஏதாவது சொன்னால் பாத்திரச் சத்தம் நின்றுவிடும்.

இன்று நான் போனை வைத்ததும், "சாருக்கு இருமல் போல இருக்குதுங்களே மேடம்" என்றான்.

எனக்கு அது காதில் விழவில்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன். இருமல்தான்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. சுடலை வரவில்லை. ஓடுகாலியை அளக்கிற முறை நாளாம். மாங்காய்ப் பச்சடி செய்து நானே சாப்பிட்டேன். வேப்பம்பூ கொஞ்சம் கூடிவிட்டது.

மே 9

இயக்குநர் தலைகால் புரியாமல் இருக்கிறார். ஆயிரத்து அறுநூறு என்ற எண்ணைப் பார்த்ததும், "செண்பகவல்லி, பேப்பர்ல எல்லாம் போட்டோவோட வரணும். ஜனவரியில அறிவிச்சிடலாம்" என்றார். இயக்குநர் ஓய்வு பெறுவதும் ஜனவரியில்தான். போட்டோவுக்கு எந்தச் சேலை கட்டுவது என்று நான் யோசிக்கவே இல்லை. பச்சைதான் எடுப்பாக இருக்கும்.

ஜூலை 21

இந்த நாளைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். சிவப்புப் பேனா இல்லை.

அவர் ஜூலை அளவையும் எடுத்து, இரண்டு கண்களாலும் பார்த்துவிட்டார். மதியம் போன் செய்தார்.

"என்ன வந்துருக்கு?" என்று கேட்டேன்.

"அது வந்து... சாப்டியா?"

"சாப்ட்டாச்சு. என்ன வந்துருக்கு?"

"மைனஸ்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நடைவழியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மைனஸ் என்றால் கட்டைவிரல் எந்தப் பக்கம் நகர வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதாவது ஓடுகாலி, முடிவே இல்லாத தூரத்துக்கும் அந்தப் பக்கத்தில் இருக்கிறாள். இதை வைத்து என் ஆயிரத்து அறுநூறை அவர் மறுக்கவே முடியாது. பதினோரு வருடமாக என் ஒவ்வொரு எண்ணுக்கும் கூட்டல் கழித்தல் கேட்டவருக்கு வெறும் கழித்தல் மட்டும் வந்திருக்கிறது!

"முடிவிலிக்கு அந்தப் பக்கம் பஸ் போகுதா? விசாரிச்சீங்களா?" என்றேன்.

"சிரி, சிரி" என்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் சப்பென்று இருந்தது.

பாத்திரச் சத்தம் நின்று வெகுநேரமாகியிருந்தது. சேவியர் எட்டிப் பார்த்து, "மேடம், நாமதானுங்களே ஜெயிக்கிறோம்?" என்றான். ஆமாம் என்றேன். சாயங்காலம் எல்லாருக்கும் கேசரி போட்டான்.

ஆகஸ்ட் 4

பெரிய அலமாரியில் பாதியைக் காலி செய்தேன். அவருக்காக இல்லை, பூச்சி வந்துவிட்டது. கீழே டவுனில் கம்பளி தள்ளுபடியில் கிடைத்தது, கனமானதாக ஒன்று வாங்கினேன். ஆறடிக் கம்பளி. என் உயரம் ஐந்தடிதான், ஆனாலும் தள்ளுபடி தள்ளுபடிதானே.

ஆகஸ்ட் 23

அவருக்கு இப்போதெல்லாம் வீட்டு விஷயத்தில் ஒரே அக்கறை. இன்று கேட்டது: "அங்க தண்ணி தெனமும் வருதா? டிசம்பர்ல காலைல குளிர் எவ்வளவு இருக்கும்?"

"தண்ணி தெனமும் வரும். குளிரு எட்டு டிகிரி" என்றேன்.

கூட்டல் கழித்தல் கேட்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருந்தது.

செப்டம்பர் 17

இன்று ஒன்றும் நடக்கவில்லை.

செப்டம்பர் 18

நேற்று எழுதியது பொய்.

நேற்று பிற்பகல் ஓடுகாலியைப் பார்ப்பதற்கு முன், வழக்கம்போல எங்கள் கருவியைச் சரிபார்த்தேன். காய்கறிக்காரர் தராசுக்குப் படிக்கல் வைத்துப் பார்ப்பதுபோல, என்றும் ஒரே பிரகாசத்தில் இருக்கும் ஒன்றைப் பார்த்துச் சரிபார்ப்போம். ஓடுகாலிக்குப் பக்கத்தில் அப்படி இருப்பது ஒன்றே ஒன்று. அவர் சுவராக வைத்திருக்கிற அதே பால்மண்டலம்.

அந்தப் படிக்கல் நேற்று திடீரென்று எகிறியது. சேவியர் கொண்டுவந்து வைத்த டீ ஆறுவதற்குள் இரண்டு மடங்கு பிரகாசம், பிறகு பழையபடி ஆகிவிட்டது. முதலில் மந்தியைத்தான் சந்தேகப்பட்டேன். வெளியே போய்ப் பார்த்தேன். மந்திகளெல்லாம் மழைக்கு ஒதுங்கிச் சாதுவாக உட்கார்ந்திருந்தன. கருவியிலும் கோளாறு இல்லை.

பால்மண்டலம் இப்படிச் செய்யாது. அதன் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒளி போகவே வருடக்கணக்காகும். டீ ஆறும் நேரத்தில் எகிறி இறங்க வேண்டுமென்றால் அது சின்னப் பொருள். சின்னப் பொருள் இவ்வளவு பிரகாசமாகத் தெரிய வேண்டுமென்றால் கிட்டத்தில் இருக்க வேண்டும். அது பால்மண்டலமே இல்லை. அட்டவணையில் யாரோ தப்பாகப் போட்டுவிட்ட, நம் வட்டாரத்து நட்சத்திரம். ஓடுகாலியைவிடவும் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

அவர் சுவர் என்று நம்பியது, கட்டைவிரலுக்கு முன்னால் தொங்கும் திரைச்சீலை. விரலைவிடத் திரை அதிகம் ஆடினால் விரல் பின்பக்கம் போனதாகத்தான் தெரியும். மைனஸ் வந்த காரணம் இதுதான்.

இது தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

செப்டம்பர் 19

அவரிடம் சொன்னால் வேறொரு நிஜமான சுவரை வைத்துக் கணக்கைத் திருத்திவிடுவார். அவர் பொறுமைக்குச் சரியான தூரம் வந்தே தீரும். அது பதினெட்டாயிரம் ஒளியாண்டாக இருக்காது என்று என் உள்மனசு சொல்கிறது. வழியில் யாருக்கும் தெரியாத ஒரு தூசி மேகம் குறுக்கே நின்றால் என் பஸ் கணக்கு கவிழ்ந்துவிடும். நான் அதைச் சோதிக்கவே இல்லை. ஒரே வாரத்தில் முடித்துவிட்டேன் அல்லவா.

சொன்னால் சாதனையும் போச்சு, பேப்பரில் போட்டோவும் போச்சு. இந்த மலை, பனி, மந்தி, என் தொலைநோக்கி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புனேக்குப் போக வேண்டும். சொல்லாவிட்டால் ஜனவரியில் அவர் பெட்டியோடு இங்கே வந்து இறங்குவார்.

இரண்டு நாளாக இதையே தோசைக்கல்லில் போட்டதுபோல் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 8

நேராகச் சொல்லாமல் ஒரு குறிப்புக் கொடுத்தேன். அவரே கண்டுபிடித்தால் என்மேல் பழி இல்லை பாருங்கள்.

"உங்க சுவரு அசையாமத்தான் இருக்கா? நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஏ வல்லி, அங்க மழ எப்படி?" என்றார்.

"மழ பெய்யுது. சுவரப் பத்திக் கேட்டேன்."

"வீட்டுச் சுவர்ல ஈரம் இறங்குதா? மேக்கால ஒரு விரிசல் இருந்துச்சுலா?"

இவ்வளவு மந்தமான மனுஷனை நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 25

இரண்டாவது குறிப்பு. "உங்க பால்மண்டலத்தோட பிரகாசம் கூடிக் கொறையுதான்னு ஒருதரம் பாருங்களேன்" என்றேன். இதைவிட வெளிப்படையாக ஒருத்தி எப்படிச் சொல்வாள்?

"லைன் சரியில்ல, கேக்கல" என்று வைத்துவிட்டார் சுடலை. லைன் பளிச்சென்று இருந்தது. பின்னால் புனே வீட்டுக் குக்கர் விசில்கூடக் கேட்டது.

நவம்பர் 2

தீபாவளிக்கும் வரவில்லை. போனில் வாழ்த்துச் சொன்னார். "ஜனவரிக்கு அப்புறம் எல்லாத் தீபாவளியும் ஒண்ணாத்தான" என்றார். தோற்கப் போகிறவர் பேச்சில் இவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று யோசித்துக்கொண்டே அதிரசம் சுட்டேன். இரண்டு கருகிவிட்டது.

நவம்பர் 20

அவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அந்த மைனஸை வைத்துக்கொண்டு ஒரு வருட உழைப்பு வீண் என்று நினைத்துக்கொண்டு பெட்டி கட்டுவார். இங்கே வருவார். தினமும் காலையில் எதிரே உட்கார்ந்து என் கையால் தோசை சாப்பிடுவார். நான் எதையாவது சொன்னால் கூட்டல் கழித்தல் எவ்வளவு என்று கேட்பார். எனக்கு அப்போதெல்லாம் தெரியும், இவர் தப்பான கணக்கில் இங்கே உட்கார்ந்திருக்கிறார், அது தப்பு என்று தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று.

எனக்கு அவர் வேண்டும். இப்படி வேண்டாம். எழுதிவிட்டேன்.

டிசம்பர் 11

இயக்குநரிடம் போய், "சார், அறிவிப்ப நிறுத்திருங்க. அந்த எண் நிக்காது" என்றேன். முகம் செத்துப்போய்விட்டது. "ஒரு மாசம் பொறுத்து உண்மையச் சொல்லக்கூடாதாம்மா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். எழுந்து ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டார். எனக்கும் அழுகை வந்தது. அது என் எண். வாழ்க்கையில் அவ்வளவு பெரிய எண் இனிமேல் எனக்குக் கிடைக்கப் போவதில்லை.

நேரே நடைவழிக்கு வந்து புனேக்குப் போன் போட்டேன். சேவியர் பாத்திரத்தைத் தொடக்கூட இல்லை, கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. உங்க சுவரு சுவரே இல்ல. அது நம்ம வட்டாரத்து நட்சத்திரம். செப்டம்பர்ல எகிறுனத நான் என் கண்ணால பாத்தேன். அதாலதான் உங்களுக்கு மைனஸ் வந்துச்சு. வேற சுவர வச்சுக் கணக்குப் போடுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"ஏட்டி, ஏன் சொன்ன?" என்றார்.

"என்னது?"

"ஏன் சொன்னங்கேன். இன்னும் இருபது நாளு. வாய மூடிட்டு இருந்துருக்கக் கூடாதா? நான் எவ்வளவு கஷ்டப்பட்டுத் தோத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா?"

எனக்குப் புரிவதற்கு முன்னால் சேவியருக்குப் புரிந்துவிட்டது. தலையில் கைவைத்துக்கொண்டு கேன்டீனுக்குள் போய்விட்டான்.

மைனஸ் வந்த அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. "மைனஸ்னா என்ன அர்த்தம்னு தெரியாமலா இத்தன வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்?" என்றார். உண்மைதான். முகூர்த்தத்துக்கே பிழை கேட்டவர், தன் கணக்கில் இப்படியொரு ஓட்டையைப் பார்க்காமல் விடுவாரா? எனக்கு ஏன் உறைக்கவில்லை? ஜூலையில் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண் மறைத்திருக்கிறது.

"அப்ப ஊரையே ஏமாத்தப் பாத்தீங்களா?"

"ஊர எதுக்கு ஏமாத்துதேன்? ஜனவரி ரெண்டாந்தேதி சரியான சுவர வச்சுத் திருத்திக் கட்டுரைய அனுப்பிருப்பேன். பந்தயத்துக்கு மட்டுந்தான் மைனஸு. வேற சுவர வச்சு இன்னும் பாக்கவே இல்ல. பாத்தா போன்ல குரலே காட்டிக்கொடுத்துரும்லா."

"எனக்கு இனாமா ஜெயிச்சுக் கொடுக்க நீங்க யாரு?" என்று கத்தினேன்.

"சும்மா வாரேன்னு சொன்னா நீ விடுவியா? எனக்காக வேலைய விட்டுட்டு வராதீங்கன்னு பதினோரு வருஷமா நீதான சொல்லுத. தோத்தாத் தான் வர முடியும்னு ஆயிப்போச்சு."

போனை வைத்துவிட்டேன். சுடலை. சுடலை. சுடலை.

டிசம்பர் 12

பதினோரு வருடத்துக்கு முன் பெங்களூரில் ஒன்றாக இருந்தோம். எனக்கு இந்த மலையில் வேலை கிடைத்தது, அவருக்குப் புனேயில் கிடைத்தது. அவர்தான் விலகிப் போனார், நான் இருந்த இடத்திலேயே இருக்கிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் தன் பக்கத்திலிருந்து அப்படியே நினைத்திருப்பார். இரண்டு பேருமே நகர்ந்திருக்கிறோம், சுவர் என்று யாரும் இல்லை.

திரும்பப் போன் போட்டேன். "வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடணுமா? ஜனவரி ஒண்ணு அன்னைக்கு வந்துருங்க. கணக்க இங்க வச்சே பாப்போம்" என்றேன். சரி என்றார் அவர்.

டிசம்பர் 24

டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தேன். புனேயில் கம்பளி தேவைப்படாது என்கிறார்கள். ஆய்வகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். மந்திக்கு அப்பளம் வைத்தேன். எடுத்துக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டிசம்பர் 30

இயக்குநர் கூப்பிட்டு, "நீ சொன்னது சரிதாம்மா" என்றார். இயக்குநரின் பிரிவுபசாரத்துக்குப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஜனவரி 1

இந்த டயரியில் பக்கம் தீர்ந்துவிட்டது. பின்னட்டையின் உள்பக்கத்தில் எழுதுகிறேன்.

காலை பஸ்ஸில் வந்தார். இரண்டு பெரிய பெட்டி, கையில் ஒரு ஒற்றைச் செருப்பு. போன ஜனவரியில் இங்கிருந்து வேறு செருப்பு மாட்டிக்கொண்டு, இதன் ஜோடியைத் தவறுதலாகப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு போயிருக்கிறார். ஒரு வருடமாக இரண்டு ஊரில் ஒவ்வொன்று.

"தோக்காமலே இவ்வளவு சாமானா?" என்று கேட்டேன்.

"வச்சுக்கிட்டே கணக்குப் போடுவோம்" என்றார்.

சாப்பிட்டுவிட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கணினியைத் திறந்தோம். நிஜமான, தொலைவான வேறொரு பால்மண்டலத்தைச் சுவராக வைத்து, ஒரு வருட அளவுகளையும் திருப்பிப் போட்டார். கணக்கு ஓடி முடிகிறவரை நான் முருங்கைக்காய் நறுக்கினேன். விரலை நறுக்காதது ஆச்சரியம்.

தூரம் பத்தாயிரத்து அறுநூறு ஒளியாண்டு. என் பதினெட்டாயிரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். நடுவில் யாரும் பார்க்காத ஒரு மேகம் நிற்கிறது, என் பஸ்மேல் தூசியை அள்ளிக் கொட்டியது அதுதான்.

வேகம் விநாடிக்குத் தொள்ளாயிரத்து நாற்பது கிலோமீட்டர்.

தோற்றுவிட்டேன். அறுபது கிலோமீட்டரில் தோற்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கத்தியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேசையில் வைத்தார்.

"சரி. பந்தயம் பந்தயந்தான். டிரங்குப் பெட்டி ரெடியாத்தான் இருக்கு" என்றேன். குரல் ஒழுங்காக வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டு, எதற்கோ காத்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் சிரிப்பை அடக்கும்போது அவருக்குக் காது சிவக்கும். காது சிவந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"கூட்டல் கழித்தல் எவ்வளவு?"

"தொண்ணூறு" என்றார். "இந்தச் சுவரு ஓடுகாலிகிட்ட இருந்து ரொம்பத் தள்ளி இருக்குல்லா, அதான் பிழை கூடுதல்."

தொள்ளாயிரத்து நாற்பதில் தொண்ணூறைக் கழித்தால் எண்ணூற்று ஐம்பது. கூட்டினால் ஆயிரத்து முப்பது. ஆயிரம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நானும் தோற்கவில்லை, அவரும் ஜெயிக்கவில்லை. இருவரும் விஞ்ஞானிகள், இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் ஊர் மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை.

"பிழையக் கொறைக்கணும்னா இன்னொரு வருஷம் அளக்கணும்" என்றார் அவர். "அந்தத் திரைச்சீல நட்சத்திரம் எப்ப எகிறுது, எப்படி ஆடுதுன்னு உன் தொலைநோக்கில தெனம் பாக்கணும். நான் என் அளவ அதோட சேத்து வச்சுப் பாக்கணும். ரெண்டு பேரும் ஒரே மேசைல உக்காந்தாத்தான் நடக்கும்."

"புனேல என்ன சொல்லுவாங்க?"

"ஒரு வருஷம் இங்க இருந்து வேலை பாக்கேன்னு ஆகஸ்ட்லயே எழுதிக் கேட்டாச்சு. கெடச்சும் போச்சு. நீ தண்ணி தெனமும் வரும்னு சொன்னேல்லா, அன்னைக்குத்தான் எழுதிப்போட்டேன்."

முருங்கைக்காயை எடுத்து அவர்மேல் எறிந்தேன். பிறகு அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், முருங்கைக்காய் கண்ணில் பட்டுவிட்டது என்றார்.

சாயங்காலம் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சேவியர் பதினோரு வருடமாகக் குரலை மட்டும் கேட்ட மனிதரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருங்க மேடம் ஜெயிச்சது?" என்றான். இன்னும் ஒரு வருடம் ஆகும் என்றேன். கேசரி போடலாமா வேண்டாமா என்று குழம்பி, கடைசியில் பாதிச் சர்க்கரை போட்டுச் செய்து கொடுத்தான்.

அவர் இப்போது அலமாரியின் காலிப் பக்கத்தில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். இவ்வளவு இடம் எப்படி வந்தது என்று கேட்டார். பூச்சி என்றேன்.

அடுத்த ஜனவரிக்குள் தொண்ணூறை ஐம்பதாக்கிவிடலாம் என்று உற்சாகமாகச் சொல்கிறார். ஐம்பதானால் யாரோ ஒருவர் ஜெயித்துத் தொலைப்போம். இருபத்தைந்து வருடமாகப் பிழையைக் குறைப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள் நான். ஆனாலும் இந்தப் பிழை மட்டும் இப்போதைக்குக் குறையாமல் இருக்கட்டும்.